கிரையோகோனைட்: ஒரு கறுப்பு வண்டலும் அதன் தமிழ்ப் பெயரும்

கோடையில் ஒரு பனியாற்றின் கீழ்ப்பகுதியில் ஏறிப் பார்க்கிறவர்களுக்கு முதலில் ஏமாற்றம்தான். படங்களில் பார்த்த வெண்மை அங்கே இருக்காது. பழுப்பும் சாம்பலுமாக அழுக்கேறிய பனிக்கட்டி. அதில் எங்கு பார்த்தாலும் துளையிட்டு வைத்தாற்போல வட்டக் குழிகள். விரல் நுழையும் அளவில் சில, வாளி அகலத்தில் சில. குழிக்குள் தெளிந்த நீர் நிற்கும், அடியில் கறுப்பாக வண்டல் படிந்திருக்கும். அந்த வண்டலுக்குத்தான் கிரையோகோனைட் என்று பெயர்.

சொல் பிறந்தது 1870-இல். கிரீன்லாந்தின் உள்நாட்டுப் பனிப்பரப்பில் நடந்துபோன துருவ ஆய்வாளர் அடால்ஃப் எரிக் நோர்டன்ஷோல்ட் வைத்த பெயர் இது. பின்னாளில் வேகா கப்பலில், ஐரோப்பாவிலிருந்து சைபீரியாவின் வடகரையோரமாகப் பசிபிக் செல்லும் வடகிழக்குக் கடல்வழியை முதன்முதலாகக் கடந்து புகழ்பெற்றவரும் இவரே. கிரேக்கத்தில் ‘க்ரியோஸ்’ என்றால் உறைய வைக்கும் குளிர். கிரிஸ்டல், ராக்கெட்டில் வருகிற கிரையோஜெனிக் எல்லாம் அந்தக் குடும்பத்துச் சொற்களே. ‘கோனிஸ்’ என்றால் தூசி. சாம்பல் என்ற பொருளும் அதற்கு உண்டு. இரண்டையும் சேர்த்தால் குளிர்த்தூசி, சரி. ஆனால் கடைசியில் ‘ஐட்’ என்ற வால் எதற்கு?

நோர்டன்ஷோல்ட் கனிமவியல் படித்தவர். மேக்னடைட், ஹேமடைட், கால்சைட் என்று கனிமங்களுக்குப் போடும் அந்த வாலை இதற்கும் போட்டுவிட்டார். இதைத் தனியொரு பொருளாகக் கருதியதோடு, அதில் ஒரு பங்காவது விண்வெளியிலிருந்து விழுந்தது என்றும் நம்பினார். அவருக்கு வானத்தின்மேல் ஒரு கண் எப்போதும் இருந்தது. அதே பயணத்தில் கிரீன்லாந்தின் மேற்குக் கரையருகிலுள்ள டிஸ்கோ தீவில் பெரிய இரும்புப் பாளங்களைக் கண்டு விண்கல் என்றே முடிவுகட்டினார். அவை பூமிக்குள் உருவான இரும்பு என்பது பிறகுதான் தெளிவானது. கூடப்போன தாவரவியலாளர் ஸ்வென் பெர்க்ரென் நுண்ணோக்கியில் பார்த்தபோது பனியில் பாசிகள் தென்பட்டன. அவற்றில் ஒன்றுக்கு நோர்டன்ஷோல்டின் பெயரையே சூட்டினார். ஆக, கிரையோகோனைட் கனிமம் அல்ல. மண்துகள், பாறைப்பொடி, புகைக்கரி, நுண்ணுயிர், அவற்றின் எச்சம் எல்லாம் கலந்த கூட்டுச்சரக்கு. விண்தூசி பற்றிய ஊகம் முழுக்கப் பொய்த்துவிடவும் இல்லை. 1980-களில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இதே கிரீன்லாந்து வண்டலைச் சலித்துத்தான் நுண்விண்கற்களைச் சேகரித்தார்கள்.

குழி எப்படி விழுகிறது? புதிதாகப் பெய்த பனி தன்மேல் விழும் ஒளியில் எண்பது, தொண்ணூறு விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். கறுப்புத் துகளோ பெரும்பகுதியை உள்வாங்கிச் சூடேறும். சூடேறினால் அடியிலுள்ள பனிக்கட்டி உருகும், துகள் கீழே இறங்கும். இறங்க இறங்க வெயில் எட்டுவது குறையும். ஒரு கட்டத்தில் குழியின் அடி உருகும் வேகமும் வெளிப்பரப்பு உருகும் வேகமும் ஒன்றாகிவிட, குழி அதற்குமேல் ஆழமாவதில்லை. வெயில் குறைந்து, சூடான காற்றும் மழையும் மேற்பரப்பை உருக்கும் நாட்களில் குழிகள் தேய்ந்து, வண்டல் வெளியே வழிந்து, வேறு பள்ளத்தில் போய்ச் சேரும்.

இதைச் சும்மா கிடக்கிற அழுக்காக எண்ணிவிடக் கூடாது. குழிநீரில் நூலிழைபோல வளரும் நீலப்பச்சைப் பாசிகள், உண்மையில் பாக்டீரியாக்கள், துகள்களைச் சுற்றிப் பின்னிக் கட்டுகின்றன. பிசின்போன்ற ஒரு பொருளையும் சுரக்கின்றன. அதனால் தூசி உருண்டு திரண்டு சின்னச் சின்ன மணிகளாகிறது. அந்த மணிகளை மேய்கிற நீர்க்கரடிகள், ரோட்டிபர்கள் என்ற கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களும் அங்கேயே குடியிருக்கின்றன. மணியாகத் திரண்ட வண்டல் எளிதில் கழுவிக்கொண்டு போவதில்லை. தொழிற்சாலை மாசு இங்கே தேங்கி நிற்பதற்கு இந்தப் பிசினும் ஒரு காரணம்.

நிலக்கரி, டீசல், விறகு எதை அரைகுறையாக எரித்தாலும் கரித்துகள் வெளியேறும். அது காற்றில் சில நாட்கள் மிதந்து பனியோடு சேர்ந்து இறங்கும். அனல்மின் நிலையத்துச் சாம்பலில் கண்ணாடி மணிபோல உருண்டையான துகள்கள் உண்டு. இயற்கைப் புழுதியில் அப்படி வழவழப்பான உருண்டை அரிது என்பதால் நுண்ணோக்கியில் உடனே அடையாளம் தெரிந்துவிடும். உருக்காலையும் ஈயம் கலந்த பெட்ரோலும் ஈயத்தைக் கொடுத்தன. காட்மியம், பாதரசம் வந்த வழியும் ஏறக்குறைய இதுவே. பூச்சிக்கொல்லியான டிடிடி, மின்மாற்றி எண்ணெயில் சேர்த்த பிசிபி போன்ற வேதிப்பொருட்கள் வெப்பமான இடத்தில் ஆவியாகி, குளிர்ந்த இடத்தில் மறுபடி படிகின்றன. இவற்றை உலக அளவில் கட்டுப்படுத்த ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2001-இல் வந்தது. ஆனால் ஏற்கெனவே உறைந்துபோனவை பனிக்குள் பத்திரமாக இருக்கின்றன.

கதிரியக்கத்தையும் சேர்க்க வேண்டும். 1950-களிலும் 60-களிலும் வளிமண்டலத்தில் வெடித்த அணுகுண்டுகள், அப்புறம் 1986-இல் செர்னோபில் அணு உலை விபத்து. அவை தூவிய சீசியம்-137 இன்று ஆல்ப்ஸ், காகசஸ் மலைகள், ஆர்க்டிக்கிலுள்ள ஸ்வால்பார்டு தீவுகள் எனப் பல இடத்துக் குழிகளில் அளக்கப்பட்டிருக்கிறது. அதே ஊர்களின் சாதாரண மண்ணைவிடப் பல மடங்கு செறிவாக. சீசியத்தின் அரைவாழ்வு, அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 30 ஆண்டுகள். கூடவே கிடைக்கும் புளூட்டோனியம்-239-க்கு 24,000 ஆண்டுகளுக்கு மேல்.

மண்ணில் இல்லாத செறிவு இங்கே எப்படி? பனியாறு நகர்வது. மேட்டில் ஆண்டுதோறும் அடுக்கடுக்காக விழுந்த பனி, தன் அழுக்கோடு புதைந்து, மெல்ல இறங்கிக் கீழ்ப்பகுதியில் உருகுகிறது. நீர் ஓடிவிடும், அழுக்கின் ஒரு பங்கு தங்கிவிடும். அறுபது ஆண்டுக்கு முந்தைய படிவும் போன மாதத்துப் புகையும் ஒரே மேற்பரப்பில் வந்து கூடும். நுண்ணுயிர்ப் பிசினும் களிமண் தாதுக்களும் உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும். டீ வடிகட்டியில் சக்கை சேர்வதுபோலத்தான்.

இதற்கு நேர் எதிரான நிலை மேட்டுப் பனியின் ஆழத்தில். அங்கே அடுக்கு கலையாது. அதனால் ஆண்டுவாரியாக மாசைப் படிக்கலாம். ரோமானியர் காலத்து ஈய உருக்கலின் தடம் கிரீன்லாந்துப் பனியில் கிடைத்தது. பெருவின் கெல்காயா பனிமூடியில், ஸ்பானியர் ஆட்சியில் இன்றைய பொலிவியாவின் பொட்டோசி வெள்ளிச் சுரங்கங்கள் கிளப்பிய உலோகத்தூசி பதினாறாம் நூற்றாண்டு அடுக்கிலிருந்தே தென்படுகிறது. தொழிற்புரட்சிக்கு முன்பே பனி கறைபடத் தொடங்கிவிட்டது என்று இதை வைத்துச் சொல்லலாம்; அளவுதான் பின்னர் எகிறியது.

இனி தமிழ். சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘பனித்தூசு’ வருகிறது. முதல் பாதியில் எனக்குக் குறையில்லை. பனி என்பதற்குக் குளிர் என்ற பொருளும், ‘பனித்தல்’ என்றால் குளிரில் நடுங்குதல் என்ற பொருளும் பழந்தமிழிலேயே உண்டு. ‘க்ரியோஸ்’ சொல்வதும் அதுதான். சிக்கல் இரண்டாம் பாதியில். பனித்தூசு என்றதும் பொடிப்பொடியாகப் பறக்கும் பனிதான் மனத்தில் வரும், பனிமேல் விழுந்த தூசு வராது. தவிர, தூசு என்பது காற்றில் வந்துசேரும்வரை உள்ள நிலை. குழியடியில் ஊறி, உயிர்பிடித்து, திரண்டு கிடப்பதைத் தூசு என்று யார் சொல்வார்?

‘பனிவண்டல்’ நல்ல ஓசை. இந்தக் கட்டுரையிலேயே வண்டல் என்று தாராளமாக எழுதியிருக்கிறேன். ஆனால் பனியாறு பாறையை அரைத்துக் கொண்டுவந்து போடும் மண்ணுக்கு அந்தச் சொல் தேவைப்படும். ‘பனிக்கருந்துகள்’ என்று முயன்று பார்த்தேன். குழியைக் கருந்துகள்குழி என்று அழைக்க வேண்டிவரும். வாசகர் உடனே கருந்துளையை நினைத்து வானத்தைப் பார்ப்பார். நோர்டன்ஷோல்ட் வேண்டுமானால் மகிழ்வார். ‘பனிநீறு’ கோனிஸின் தூசி, சாம்பல் என்ற இரு பொருளையும் பிடிக்கிறது, ஆனால் நீறு என்றால் இன்று திருநீறு ஒன்றே நினைவுக்கு வருகிறது.

என் தேர்வு ‘பனிக்கசடு’. திரவத்தின் அடியில் தங்குவது கசடு. குழிக்குள் நடப்பது அப்படியே அதுதான். குற்றம், அழுக்கு என்ற பழைய பொருளும் சொல்லில் இருப்பதால் மாசின் வாடையும் தானாக வந்துவிடுகிறது. உலோகம் உருக்கும்போது ஒதுங்கும் கழிவையும் கசடு என்றே சொல்கிறோம், எனவே தொழில்துறைத் தொடர்பும் பொருத்தமே. ஒரு மறுப்பு வரலாம்: இயற்கைப் புழுதியும் உயிரினமும் இருப்பதைக் கசடு என்று இழிவாகச் சொல்லலாமா? சொல்லலாம் என்றே நினைக்கிறேன். எண்ணெய்க் கசட்டை இழிவாக யாரும் எண்ணுவதில்லை, அது படிந்ததைக் குறிக்கிறது, அவ்வளவே.

கிளைச்சொற்களும் சிரமமில்லாமல் வருகின்றன: குழி ‘கசட்டுக்குழி’, திரண்ட உருண்டை ‘கசடுமணி’. முதல்முறை எழுதும்போது கிரையோகோனைட் என்ற பெயரையும் பக்கத்தில் வைத்தால் போதும். ஆனால் பனிமேல் புதிதாக விழுந்த புகைக்கரிக்கும், பனியைச் சிவப்பாக்கும் பாசிக்கும், பனியாற்றின் ஓரத்தில் குவிந்த கற்குவியலுக்கும் இந்தச் சொல்லை நீட்டக் கூடாது. கரி கரிதான். அது கீழே இறங்கி, நீருக்கடியில் மற்றவற்றோடு கூடிய பிறகுதான் பனிக்கசடு.