சாய்த்தால் ஏன் நீலம்?

கடை வைத்திருக்கும் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "500 ரூபாய் நோட்டைச் சாய்த்தால் மூலையில் இருக்கும் பச்சை எண் நீலமாகிறது. அதையே கலர் ஜெராக்ஸ் எடுத்தால் பச்சை பச்சையாகவே நிற்கிறது. மையில் என்னதான் இருக்கிறது?"

நோட்டு கையில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். காந்தி படம் உள்ள பக்கத்தில், வலது கீழ் மூலையில் ரூபாய்க் குறியோடு 500 என்று இருக்கும். நேராகப் பிடித்தால் பச்சை, சாய்த்தால் நீலம். நடுவில் ஓடும் பாதுகாப்பு இழையும் இப்படியே மாறும். நோட்டில் வேறு காப்புகளும் உண்டு. வெளிச்சத்தில் தெரியும் வாட்டர்மார்க், தாள் உருவாகும்போதே கூழின் கனத்தைக் கூட்டிக் குறைத்துக் கொண்டுவருவது. பார்வையற்றோருக்காக இரு ஓரங்களிலும் மேடாக அச்சிட்ட ஐந்து கோடுகளை விரலால் தடவியே உணரலாம். அவற்றை இன்னொரு நாள் பார்ப்போம். இன்று அந்த மூலை மட்டும்.

சாதாரண மை சில நிறங்களை விழுங்கிவிட்டு மீதியைத் திருப்பி அனுப்பும். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அது விழுங்குவது ஒன்றுதான், அதனால் நிறமும் ஒன்றுதான். ஜெராக்ஸ் இயந்திரம் நோட்டை ஒரே கோணத்தில் பார்த்து, அப்போது தெரிந்த பச்சையை இந்த வகை மையால் நிரப்பிவிடுகிறது. நகல் ஏன் மாறுவதில்லை என்பதற்குப் பதில் அவ்வளவுதான்.

நிறம் மாறும் மையின் கதை வேறு. அதில் நிறத்தைத் தருவது சாயம் இல்லை, கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய செதில்கள். ஒவ்வொரு செதிலும் ஐந்து அடுக்கு. நடுவில் கண்ணாடி போல ஒளியைத் திருப்பும் அலுமினியம். அதற்கு மேலும் கீழும் ஒளி புகும் மெக்னீசியம் ஃபுளோரைடு. கேமரா லென்ஸில் பூசுகிறார்களே, அதே பொருள். இரண்டு வெளிப்புறத்திலும் பாதி ஒளியை உள்ளே விடும் அளவுக்கு மெல்லிய குரோமியம். ஏன் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி? மையில் மிதக்கும் செதில் தாளில் எந்தப் பக்கம் படிந்தாலும் ஒரே நிறம் காட்ட வேண்டும். இரு பக்கமும் தலை பொறித்த நாணயம் மாதிரி. வெற்றிடத்துக்குள் இந்தப் பொருள்களை ஆவியாக்கி, பிளாஸ்டிக் படலத்தின் மேல் அடுக்கடுக்காகப் படியவைத்து, பிறகு உரித்து நொறுக்கி எடுக்கிறார்கள்.

மேலே விழும் ஒளியில் ஒரு பங்கு குரோமியத்திலேயே திரும்பிவிடும். மிச்சம் உள்ளே போய் அலுமினியத்தில் மோதித் திரும்பும். உள்ளே போனது கொஞ்சம் கூடுதல் தூரம் நடந்திருக்கும். அந்தக் கூடுதல் தூரம் எந்த நிறத்தின் அலைநீளத்துக்கு முழு மடங்காகப் பொருந்துகிறதோ, அந்த நிறத்தின் அலைகள் முகட்டின் மேல் முகடாகச் சேர்ந்து பளிச்சிடும். பொருந்தாதவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பள்ளியில் படித்த குறுக்கீட்டு விளைவுதான். சோப்புக் குமிழியிலும், மழை பெய்த சாலையில் சிந்திய எண்ணெயிலும் பார்ப்பது இதைத்தான்.

சரி, இப்போது நோட்டைச் சாய்க்கிறோம். ஒளி படலத்துக்குள் சரிவாகப் போகும், அதன் பாதை நீளும். அப்படியானால் நீண்ட அலையான சிவப்புப் பக்கம் அல்லவா நிறம் நகர வேண்டும்? கல்லூரியில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் உள்ளே போன கதிர் சரிவாக நடந்து, கொஞ்சம் தள்ளி வேறோர் இடத்தில் வெளியே வருகிறது. அதற்குள் மேலேயே திரும்பிய கதிர் காற்றில் முன்னே ஓடிவிடுகிறது. அந்த ஓட்டத்தையும் கழித்தாக வேண்டும். நேராகப் பார்க்கும்போது வித்தியாசம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். 45 டிகிரி சாய்த்தால் உள்பாதை 116 ஆகிறது. மேல் கதிர் முன்னே ஓடியது 30. கழித்தால் 86. பாதை நீண்டும் வித்தியாசம் குறைந்துவிட்டது! இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்த நாளின் சந்தோஷம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பச்சையின் அலைநீளத்தை 530 நானோமீட்டர் என்று எடுத்தால், அதில் 86 சதவீதம் சுமார் 455. சரியான நீலம். 2013-இல் வந்த அமெரிக்க 100 டாலர் நோட்டில் செம்பு நிறம் பச்சையாகிறது. 610-ஐ எடுத்துப் பெருக்குங்கள், 524 வரும், பச்சைதான். எந்த நாட்டு நோட்டானாலும் இந்த வகைச் செதில் மை சாயும்போது நீலத் திசையில்தான் நகரும். மெக்னீசியம் ஃபுளோரைடைத் தேர்ந்தெடுத்த காரணமும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. ஒரு பொருள் தனக்குள் நுழையும் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைச் சொல்லும் ஒளிவிலகல் எண், இதற்கு 1.38, மிகக் குறைவு. அதனால் உள்ளே கதிர் அதிகம் சரிந்து நடக்கிறது, நிறமும் அதிகம் நகர்கிறது. அந்த இடத்தில் ஒளியை அதிகம் வளைக்கும் துத்தநாக சல்ஃபைடு வைத்தால் 530 என்பது 505 வரைதான் இறங்கும். பச்சை பச்சையாகவே இருக்கும்.

இந்த மையை முதலில் நோட்டில் ஏற்றியது தாய்லாந்து, 1987-இல் மன்னர் பூமிபோலின் 60-ஆவது பிறந்தநாளுக்காக அச்சிட்ட 60 பாட் நோட்டில். நம் 500, 1000 ரூபாய் நோட்டுகளுக்கு 2000-ஆம் ஆண்டில் வந்தது. 2013-இல் வந்த புதிய 5 யூரோ நோட்டில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். செதிலில் காந்தத் தன்மையுள்ள அடுக்கையும் சேர்த்து, மை ஈரமாக இருக்கும்போதே காந்தத்தால் செதில்களை வளைபரப்பு போல வரிசைப்படுத்திக் காயவைத்தார்கள். சாய்த்தால் மரகத நிற எண்ணின் மேல் ஒரு வெளிச்சக் கோடு ஏறி இறங்கும்.

2016 நவம்பரில் புதிய 2000 ரூபாய் நோட்டுக்குள் சிப் இருக்கிறது, செயற்கைக்கோள் அதைக் கண்டுபிடித்துவிடும் என்று ஊரெல்லாம் பேச்சு. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் சிக்னலை அனுப்பும், அவ்வளவுதான். இருக்கும் இடத்தைக் கணக்கிடுவது நம் கையில் உள்ள கருவி. அதை வெளியே சொல்ல மின்சாரமும் வேண்டும். படித்தவர்களே இதை நம்பிப் பகிர்ந்தது எனக்கு வருத்தம். அந்த நோட்டின் மூலையிலேயே ஒளியலைகள் கூடியும் அழிந்தும் நிறம் மாற்றிக்கொண்டிருந்தன, அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமன் கிளிஞ்சல்களின் வானவில் நிறங்களையும் பறவை இறகுகளின் நிறங்களையும் ஆராய்ந்தவர். இன்று ஒரு மாணவர் அப்படி ஒரு திட்டத்தோடு நிதி கேட்டால், இதனால் என்ன பயன் என்றுதான் முதல் கேள்வி வரும். கேட்கக் கூடாத கேள்வி என்று சொல்ல மாட்டேன், ஆனால் முதல் கேள்வியாக அது இருக்கக் கூடாது. மைசூருவில் 2022-இல் வர்ணிகா என்ற மை ஆலை திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 1,500 டன் தயாரிக்கும் திறன் கொண்டது. நோட்டுகளுக்கான நிறம் மாறும் மையும் அங்கே தயாராகிறது. சோப்புக் குமிழியைப் பார்த்து ஏன் என்று கேட்டவர்கள் இல்லாமல் அந்த மை வந்திருக்காது.

கடைக்காரருக்குக் கடைசியாக ஒன்று. சந்தேகமான நோட்டை ஒரு விளக்கின் கீழ் பிடித்து, மூலையை மட்டும் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். மினுமினுப்புப் பொடி கலந்த போலி மையில் பளபளப்பு கூடும், குறையும், நிறம் நகராது. பச்சை நீலமாக வேண்டும், நிமிர்த்தினால் திரும்பப் பச்சையாக வேண்டும்.