சொல் விளக்கம்: தூயா

எரிமலை என்றதும் கூம்புதானே நினைவுக்கு வரும்? தூயா அப்படி இருக்காது. பக்கமெல்லாம் செங்குத்தாக ஏறி, உச்சி மட்டும் கத்தியால் சீவிவிட்ட மாதிரி தட்டையாக இருக்கும். பார்த்தால் தமிழ்ச் சொல் போலத் தெரிகிறது, ஆனால் தூய்மைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடகோடியில், யூகான் எல்லைக்குத் தெற்கே, சாலை எட்டாத எரிமலை வட்டாரம் ஒன்று இருக்கிறது. அங்கே தூயா என்று ஓர் ஏரி, பக்கத்தில் தூயா பியூட் என்று தனித்து நிற்கும் ஒரு மலை. 1947இல் நிலவியலாளர் மாத்யூஸ் இந்தத் தட்டை மலைகளை விளக்கி எழுதியபோது அந்த இடப்பெயரையே இனப்பெயராக்கிவிட்டார்.

சரி, உச்சி ஏன் தட்டை? பனியுகத்தில் தடித்த பனிப்பாளத்துக்கு அடியில் எரிமலை வெடிக்கிறது. பனி உருகி, பனிச்சுவருக்குள் ஓர் ஏரி உருவாகிறது. ஆழத்தில் நீரின் அழுத்தம் அதிகம் என்பதால் எரிகுழம்பு சிதறாமல் தலையணை தலையணையாக உருண்டு உறைகிறது. குவியல் உயர உயர அழுத்தம் குறைகிறது. அப்போது குழம்பு நீரில் பட்டு வெடித்துக் கண்ணாடித் துகளாக நொறுங்குகிறது. கடைசியில் மலை நீருக்கு மேலே தலை நீட்டியதும் குழம்பு சாதாரணமாகப் பரந்து ஓடி மூடிபோலப் படிகிறது. பிறகு பனி உருகிப்போனாலும் மலை நிற்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது, துகள் அடுக்கு முடிந்து மேல்மூடி தொடங்கும் கோடுதான்: அன்றைய ஏரியின் மட்டம் அது, அதைவிடக் குறையாத தடிமனில் சுற்றிலும் பனி நின்றிருக்க வேண்டும் என்று அதிலிருந்தே சொல்லிவிடலாம்.

ஐஸ்லாந்திலும் இவை உண்டு, 1682 மீட்டர் உயர ஹெர்துபிரெய்த் பேர்போனது. அங்கே இந்த வகைக்கு ஸ்டாப்பி என்று பெயர்.

தமிழில் என்ன சொல்வது? 'பனியடி எரிமலை' போதாது, ஏனென்றால் பனிக்கடியில் வெடித்து நீர்மட்டத்தைத் தாண்டாமலே நின்றுபோன, தட்டை உச்சி இல்லாத மேடுகளும் அதில் அடங்கிவிடும். 'மேசைமலை' என்றால் அரிப்பால் தட்டையான மலைகளோடு குழம்பும், போதாததற்கு மேசையே போர்த்துக்கீசியச் சொல். என் தேர்வு 'பனியடி மேடைமலை'. கட்டுரையில் முதல் தடவை தூயா வரும்போது பக்கத்திலேயே இதையும் போட்டுவிட்டால், அப்புறம் தூயா என்றே எழுதிக்கொண்டு போகலாம்.