எதையும் அழிக்காத பலகை

2005இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில், ட்ரூ எண்டி, டாம் நைட் ஆகியோரின் ஆய்வகங்களைச் சேர்ந்த மாணவர்கள் ஓபன்வெட்வேர் என்ற விக்கியை, அதாவது பலர் சேர்ந்து திருத்தும் வலைத்தளத்தை, தொடங்கினார்கள். உயிரியல் சோதனைகளின் செய்முறைக் குறிப்புகளும் அதில்தான், ஆய்வகத்தின் அறிமுகப் பக்கமும் அதில்தான். உலகம் பார்க்கும் முகப்பை நேற்றுச் சேர்ந்த மாணவரே திருத்த முடிந்தது. ஒரு தொலைபேசி எண்ணை மாற்றக் கணினி மையத்துக்குக் கடிதம் எழுதிக் காத்திருந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

தவறாகத் திருத்திவிட்டால்? அதற்கான விடை மென்பொருளிலேயே இருக்கிறது. அவர்கள் பயன்படுத்திய மீடியாவிக்கியில் பழைய உரையின்மேல் புதியது எழுதப்படுவதில்லை. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் பக்கத்தின் முழு உரை தனிப் பதிப்பாகத் தரவுத்தளத்தில் சேர்கிறது. இப்போது காட்ட வேண்டியது எது என்ற குறிப்பு மட்டும் மாறுகிறது. ‘வரலாறு’ பகுதியில் இரண்டு பதிப்புகளைத் தேர்ந்தெடுத்தால், வேறுபாடு அந்த நேரத்தில்தான் கணக்கிடப்படுகிறது. மீட்பது என்பதும் பின்னோக்கிப் போவதன்று: பழைய உரை இன்னொரு புதிய பதிப்பாகச் சேமிக்கப்படுகிறது. கெடுத்தவரின் கைவண்ணமும் வரலாற்றில் அப்படியே கிடக்கும்.

இருவர் ஒரே நேரத்தில் திருத்தினால், ஒவ்வொருவரும் எந்தப் பதிப்பிலிருந்து தொடங்கினார்கள் என்பதை மென்பொருள் பார்க்கிறது. மாற்றங்கள் வெவ்வேறு இடங்களில் இருந்தால் தானே இணைத்துவிடும். ஒரே வரியில் மோதினால், பிந்திச் சேமித்தவரிடம் இரண்டையும் காட்டி முடிவை அவரிடமே விடும்.

விக்கி பொதுத் தளமாகும்போது வேறொரு சுமை வருகிறது. வாசகர் வரும்போதெல்லாம் விக்கிக் குறியீட்டை வலைப்பக்கமாக மாற்றிக்கொண்டிருந்தால், தளத்தை இயக்கும் கணினியான வழங்கி திணறும். எனவே ஒருமுறை உருவான பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, திருத்தம் நடந்தால் மட்டும் மீண்டும் உருவாக்குகிறது. பல பக்கங்களில் பயன்படும் பொதுத் துண்டான வார்ப்புரு ஒன்றைத் திருத்தினால், அவை ஒவ்வொன்றாகவே புதுப்பிக்கப்படுகின்றன. மாற்றம் சில பக்கங்களில் தாமதமாகத் தெரிவது இதனால்தான்.

விக்கி எப்போதும் பாதியில் நிற்கும் வேலை. பொதுத் தளமோ முடிந்ததுபோல் தோன்ற விரும்புகிறது. எம்ஐடியில் பிறந்து, 2004இல் 5 அணிகளுடன் போட்டியாக மாறிய ஐஜெம்மில் இந்த முரண் நன்றாகத் தெரியும். உயிர்களைப் பொறியியல் முறையில் வடிவமைக்கும் செயற்கை உயிரியலில் போட்டியிடும் மாணவர் அணிகள் தங்கள் ஆய்வை விக்கியில்தான் விளக்க வேண்டும். சென்னை ஐஐடி மாணவர்களும் பங்கேற்றிருக்கிறார்கள். மீடியாவிக்கி இருந்த காலத்தில் பல அணிகள் வடிவமைப்புக் கட்டளைகளால் விக்கியின் அடையாளத்தையே மறைத்துவிட்டன. எனக்கு அது சற்று வருத்தம்தான். பிறகு ஒரு குறித்த நேரத்தில் எல்லாப் பக்கங்களும் பூட்டப்படும். அந்த நொடியில் இருந்ததே நடுவர்களுக்கு.

2022இல் ஐஜெம் அணிகள், நிரல்களைப் பதிப்பு பதிப்பாகச் சேமிக்கும் கிட்லாப் தளத்துக்கு மாறின. அங்கும் பழைய பதிப்புகள் அடுக்கடுக்காகக் காத்திருக்கின்றன.