மாதக் கட்டணம் இல்லாத டிவி: டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

வேலூர் மாவட்டம் ஒடுகத்தூரில் என் பெரியம்மா வீட்டு மாடியில் ஒரு சின்ன அருங்காட்சியகமே இருக்கிறது. மீன்முள் மாதிரி நிற்கும் பழைய அலுமினிய ஆன்டெனா ஒன்று, துணி காயப்போடும் கொடிக்குக் கம்பமாகிவிட்ட இரும்புக் குழாய் ஒன்று, ரீசார்ஜ் செய்யாமல் விட்ட ஒரு டிடிஎச் டிஷ். கீழே கூடத்தில் புது எல்இடி டிவி. போன முறை போயிருந்தபோது, "ஏன்டா தம்பி, காசு கட்டாம டிவி வருதாமே, நெஜமா?" என்று கேட்டார்.

நெஜம்தான். தூர்தர்ஷனையும் ஆகாசவாணியையும் நடத்தும் பிரசார் பாரதியின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷைத்தான் அவர் கேள்விப்பட்டிருக்கிறார். 2004 டிசம்பரில் 'டிடி டைரக்ட் பிளஸ்' என்ற பெயரில் 33 சேனல்களோடு தொடங்கிய சேவை இது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட டிவி சேனல்கள் வருகின்றன, கூடவே நாற்பதுக்கு மேல் ஆகாசவாணி வானொலிகள். மாதச் சந்தா கிடையாது, ரீசார்ஜ் கிடையாது, பதிவுக் கட்டணமும் கிடையாது. டிவி வைத்திருக்கவே தபால் ஆபீஸில் லைசென்ஸ் பணம் கட்டிய காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்த லைசென்ஸ் 1985-லேயே ஒழிந்துவிட்டது. ஆகவே வானத்தில் இலவசமாக வருவதைப் பிடித்துப் பார்க்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம்.

அரசு இலவசமாகத் தருவது சிக்னலை மட்டும்தான். டிஷ், பெட்டி (செட்-டாப் பாக்ஸ்), ஒயர் எல்லாம் நம் காசு. மொத்தச் செலவு சுமார் 2,000 ரூபாய் என்று பிரசார் பாரதியே சொல்கிறது. அந்த 2,000 ரூபாயைத் தப்பான பெட்டியில் போட்டுவிட்டால் கேட்க ஆள் இல்லை. மாதம் பணம் கட்டும் டிடிஎச் என்றால் கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்கலாம். இங்கே கடைக்காரர்தான் எல்லாம்.

வாங்குவதற்கு முன் இன்னொன்றையும் யோசித்துக்கொள்ளுங்கள். சன் டிவி, விஜய், ஜீ தமிழ் போன்ற கட்டணச் சேனல்கள் இதில் வராது. சீரியல்தான் வேண்டும் என்றால் இந்தப் பக்கமே வர வேண்டாம். டிடி தமிழ் வரும் (2024 ஜனவரி வரை பொதிகை என்று நாம் சொன்னதுதான்). தூர்தர்ஷனின் மற்ற மொழிச் சேனல்கள் வரும். பிள்ளைகளுக்கு பிஎம் இ-வித்யா, கல்லூரிப் பாடங்களுக்கு ஸ்வயம் பிரபா வரும். இந்திச் செய்தியும் இந்திப் படமும் கொட்டிக் கிடக்கும். தனியார் சேனல்கள் ஏலம் எடுத்து, பிரசார் பாரதிக்குப் பணம் கட்டி இடம் பிடிக்கின்றன. ஏலத்துக்கு வருபவர்களில் இந்திக்காரர்களே அதிகம் என்பதால் பட்டியலும் அப்படித்தான் இருக்கிறது. தமிழ் வீட்டுக்கு இது முழுச் சாப்பாடு இல்லை என்பது என் கணக்கு. ஆனால் கேபிள் ஏறாத மலைக்கிராமத்துக்கும், காலையில் பாட்டும் செய்தியும் போதும் என்கிற பெரியவர்களுக்கும், ரேடியோ கேட்கிறவர்களுக்கும் இது தாராளம்.

கீழே ஊரில் இருப்பவர்களுக்கு அரசு கேபிள் என்ற வழியும் உண்டு. 2008-ல் அரசு கேபிளுக்குக் கட்டுப்பாட்டு அறை அமைத்த நான்கு ஊர்களில் தஞ்சாவூர், கோவை, நெல்லையோடு வேலூரும் ஒன்று. ஆனால் அதற்கு மாதம் பணம் கட்ட வேண்டும். தெருவுக்குக் கேபிள் வந்திருக்கவும் வேண்டும்.

சரி, இப்போது சாமானுக்கு வருவோம். முதலில் அந்த மீன்முள் ஆன்டெனா. அது தரைவழி ஒளிபரப்பைப் பிடிப்பதற்கானது. தூர்தர்ஷன் தன் பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை ஏறக்குறைய எல்லா இடத்திலும் மூடிவிட்டது. அதைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்ப்பதில் புண்ணியம் இல்லை.

முக்கியமான சாமான் பெட்டிதான். சேனல்கள் இரண்டு விதமாகச் சுருக்கி அனுப்பப்படுகின்றன: பழைய எம்பெக்-2, புது எம்பெக்-4. எம்பெக்-4 பெட்டி இரண்டையும் பிடிக்கும். எம்பெக்-2 பெட்டி பழையதை மட்டும்தான் பிடிக்கும். பெரியம்மா வீட்டுக்கு முதலில் வந்தது எம்பெக்-2 பெட்டி. இருநூறு ரூபாய் குறைவு என்று கடைக்காரர் சொன்னதைக் கேட்டு அண்ணன் வாங்கி வந்துவிட்டான். படம் வந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு வாரம் கழித்துப் பக்கத்து வீட்டில் ஓடும் சேனல்களில் பல இங்கே பட்டியலிலேயே இல்லை என்று தெரிந்தது. திருப்பிக் கொடுக்கப் போனால், "பிரிச்ச பெட்டியை எடுக்க மாட்டோம்ணா" என்றார்கள். அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் 'எம்பெக்-4' என்றும் 'டிவிபி-எஸ்2' (சாட்டிலைட் சிக்னலை அனுப்பும் புது முறை) என்றும் அச்சாகியிருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். இரண்டில் ஒன்று இல்லை என்றாலும் கீழே வைத்துவிடுங்கள். பிரசார் பாரதி அங்கீகரித்த பெட்டி என்றால் சிக்னலைப் பூட்டித் திறக்கும் 'ஐகேஸ்' என்ற உள்நாட்டுத் தொழில்நுட்பம் அதில் இருக்கும். அங்கீகாரம் பெற்ற தயாரிப்பாளர்களின் பட்டியல் அவர்கள் இணையதளத்திலேயே இருக்கிறது. கிளம்பும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் பெட்டியின் பின்பக்கம். புது டிவி என்றால் எச்டிஎம்ஐ சொருகு வேண்டும். நம் பக்கம் பல வீடுகளில் 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த 14 அங்குல இலவசக் கலர் டிவி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ("கலைஞர் டிவி" என்றால் சேனலைச் சொல்கிறார்களா, பெட்டியைச் சொல்கிறார்களா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.) அதற்கு எச்டிஎம்ஐ கிடையாது, மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று பின் சொருகுவதுதான். இரண்டு வகையும் உள்ள பெட்டியாக எடுத்துவிட்டால் நாளைக்கு டிவி மாற்றினாலும் பெட்டி மாற்ற வேண்டாம்.

சில புது டிவிகளுக்குப் பெட்டியே தேவையில்லை. டிவிக்குள்ளேயே சாட்டிலைட் டியூனர் இருக்கும். இதற்கென்று ஐஎஸ் 18112:2022 என்று ஒரு இந்தியத் தர அளவே வந்திருக்கிறது. டிவியின் பின்னால், டிஷ் ஒயரைத் திருகி மாட்டுகிற மாதிரி மரை போட்ட சொருகு இருந்து, மெனுவிலும் 'சாட்டிலைட்' என்று இருந்தால் உங்கள் டிவி அந்த வகையாக இருக்க வாய்ப்பு உண்டு. பெட்டிக்குக் காசு கொடுப்பதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

டிஷ் விஷயத்தில் பெரிதாக மண்டையைக் குழப்ப வேண்டாம். சாதாரண 60 சென்டிமீட்டர் டிஷ் போதும். ஆறடி, எட்டடி டிஷ் எல்லாம் சி-பேண்ட் என்ற வேறு அலைவரிசைக்கு. வீட்டுக்கு அது வேண்டாத சுமை. மாடியில் பழைய டிடிஎச் டிஷ் கிடந்தால் அதையே பயன்படுத்தலாம். பெட்டிதான் மாற வேண்டும், தகடு எல்லாம் ஒன்றுதான். ஆனால் அந்த டிஷ் வாடகைத் திட்டத்தில் வந்ததா, நீங்கள் விலைக்கு வாங்கியதா என்று பழைய ரசீதைப் பாருங்கள். வாடகை என்றால் அது கம்பெனிச் சொத்து.

பழைய டிஷ் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது அடுத்த கேள்வி. ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. 2015 நவம்பரில் ஏவியது. பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கு 93.5 டிகிரியில் நிற்கிறது. டாடா பிளே டிஷ் 83 டிகிரியைப் பார்ப்பது. அதைத் திருப்பியே ஆக வேண்டும். சன் டைரக்ட் பல வருடங்களாக 93.5 டிகிரியையே பயன்படுத்தி வந்தது. 2010 ஜூலையில் அங்கிருந்த இன்சாட்-4பி செயற்கைக்கோள் பழுதானபோது சன் டைரக்டும் தூர்தர்ஷனும் ஒன்றாகவே அடிவாங்கின. ஆகவே சன் டைரக்ட் டிஷ் இருக்கும் வீட்டில் டிஷ்ஷைத் தொடுவதற்கு முன், புதுப் பெட்டியை மாட்டி ஒரு தடவை ஸ்கேன் போட்டுப் பாருங்கள். பல நேரம் லேசாக நகர்த்தினாலே போதும்.

புதிதாக மாட்டுகிறவர்களுக்கு: வேலூரிலிருந்து பார்த்தால் அந்தச் செயற்கைக்கோள் அக்னி மூலையில் இருக்கிறது. வடக்கிலிருந்து வலமாக எண்ணினால் 131 டிகிரி. அதாவது சரியான தென்கிழக்கிலிருந்து ஒரு முடி கிழக்கே தள்ளி. வாஸ்து பார்த்துக் கட்டிய வீடு என்றால் அடுப்படி இருக்கிற மூலையை நோக்கி டிஷ் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். உயரம் தரையிலிருந்து 67 டிகிரி, ஏறக்குறைய தலைக்கு மேலே. அரக்கோணத்திலிருந்து திருப்பத்தூர் வரை இதில் பெரிய வித்தியாசம் வராது. டிஷ்ஷைப் பார்த்தால் அவ்வளவு மல்லாந்து இருக்காது, 40, 45 டிகிரிக்குச் சாய்ந்த மாதிரிதான் தெரியும். தகட்டின் வளைவு அப்படி. எல்என்பி (டிஷ்ஷுக்கு முன்னால் கம்பி நுனியில் நின்று சிக்னலை வாங்கும் சாமான்) நடுவில் இல்லாமல் கீழே தள்ளி நிற்பதும் அதனால்தான். கண்ணளவில் 67-க்குச் சாய்த்தால் ஒன்றும் வராது; பின்பக்கத் தகட்டில் அடித்திருக்கும் எண்களைப் பார்த்து வையுங்கள்.

இந்த 67 டிகிரியில் ஒரு நல்ல சேதி இருக்கிறது. "மலை மறைக்குது, எங்களுக்கு வராது" என்று ஒடுகத்தூர் பக்கமும், அணைக்கட்டு பக்கமும், ஆலங்காயம் பக்கமும் சொல்வார்கள். செங்குத்துப் பாறையின் காலடியிலேயே வீடு இருந்தால் தவிர, மலை மறைக்காது. டிஷ்ஷை விட 40 அடி உயரமான தென்னை கூட 20 அடி தள்ளி நின்றால் போதும், சிக்னல் அதன் தலைக்கு மேலே வந்துவிடும். மறைப்பது மலையில்லை, பெரும்பாலும் பக்கத்து மாடித் தண்ணீர்த் தொட்டியும், வீட்டோடு ஒட்டி வளர்ந்த முருங்கையும்தான்.

திசை பிடிக்கும்போது பெட்டியின் மெனுவில் இரண்டு கோடுகள் தெரியும்: ஒன்று பலம், இன்னொன்று தரம். பலக் கோடு ஒயர் மாட்டியதுமே ஏறி நிற்கும். அதை நம்பக் கூடாது. தரக் கோடு ஏறினால்தான் சரியான செயற்கைக்கோளைத் தொட்டிருக்கிறீர்கள். ஒருவர் மாடியில், ஒருவர் டிவி முன்னால், நடுவில் செல்போன். விரல் அகலம் நகர்த்துவது, மூன்று எண்ணும் வரை காத்திருப்பது, பிறகு மறுபடி நகர்த்துவது. அவசரப்பட்டு வீசித் திருப்பினால் தாண்டிப் போய்விடும். கோடு ஏறிய பிறகு எல்என்பியைப் பிடியில் லேசாகத் திருகிப் பாருங்கள், இன்னும் கொஞ்சம் ஏறும். மெனுவில் எல்என்பி வகை 9750/10600 என்று இருக்க வேண்டும். இரண்டு அறையில் இரண்டு டிவிக்குத் தனித்தனிச் சேனல் வேண்டும் என்றால் இரட்டை வாய் எல்என்பியும் இரண்டு பெட்டிகளும் வேண்டும்.

ஒயர் ஆர்ஜி-6 என்ற கோஆக்சியல் வகையாக இருக்கட்டும். வெளியே இருக்கும் இணைப்பில் டேப் சுற்றி, எல்என்பியிலிருந்து இறங்கும் ஒயரை ஒரு வளையமாகத் தொங்கவிடுங்கள். மழைத்தண்ணீர் வளையத்தின் அடியில் சொட்டிவிடும், உள்ளே போகாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுக்கும்போது படம் உறைந்து கட்டம் கட்டமாக நிற்கும். அது கோளாறு இல்லை. இந்த அலைவரிசைக்கு மழை ஆகாது, விட்டதும் வந்துவிடும். மழை விட்டும் வரவில்லை என்றால் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே பச்சையாகப் பூத்திருக்கும்.

பெட்டியையே இலவசமாகத் தருகிறார்களாமே என்றும் கேட்பார்கள். அதற்கும் ஒரு திட்டம் உண்டு. 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை 2,539.61 கோடி ரூபாயில், 2025-26 வரைக்குமாக, 'பைண்ட்' என்ற திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட ஃப்ரீ டிஷ் பெட்டிகளை இலவசமாகக் கொடுப்பதும் ஒரு பகுதி. ஆனால் அது தொலைதூர, பழங்குடி, எல்லைப் பகுதிகளுக்கும், நக்சல் பாதிப்புள்ள பகுதிகளுக்கும், 'முன்னேறத் துடிக்கும் மாவட்டங்கள்' என்று மத்திய அரசு வகுத்த மாவட்டங்களுக்கும் ஒதுக்கியது. அந்த மாவட்டப் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இருப்பவை ராமநாதபுரமும் விருதுநகரும். காட்பாடியிலோ குடியாத்தத்திலோ இருப்பவர் உரிமை என்று கேட்க இதில் வழி இல்லை. ஜவ்வாது மலை மாதிரி பழங்குடிப் பகுதி ஆட்கள் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. யாராவது வீட்டு வாசலில் நின்று "அரசுப் பெட்டி, பதிவுக்கு மட்டும் ஐநூறு" என்றாலோ, "வருஷத்துக்கு ஒரு தடவை ஆக்டிவேஷன்" என்றாலோ கதவைச் சாத்திவிடலாம்.

கடைசியாக ஒரு வேலை. சேனல் ஏலத்தில் பெரும்பாலான இடங்கள் ஏப்ரல் முதல் மார்ச் வரை என்ற கணக்கில் போவதால், ஏப்ரல் பிறந்ததும் சில சேனல்கள் காணாமல் போகும், சில புதிதாக வரும். பெட்டி கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். மெனுவில் போய் ஆட்டோ ஸ்கேன் கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் புதுப் பட்டியல் வந்துவிடும். பெரியம்மா வீட்டில் இந்த வேலை ஆறாவது படிக்கும் பேத்தியுடையது. அவள் ஸ்கேன் முடித்ததும் டிடி தமிழை முதல் எண்ணில் பூட்டி வைத்துவிட்டு, ரிமோட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறாள்.