எதைக் கணக்குப் போடாமல் விடலாம்? டெட் பெலிட்ச்கோவின் வழி

ஒரு தாளை எடுத்துக் கசக்கி உருண்டையாக்குங்கள். பிறகு பிரித்து, மேசைமேல் வைத்து நீவி விடுங்கள். தாள் முழுக்க மடிப்புகள் விழுந்திருக்கும். ஆனால் அதன் நீளமும் அகலமும் ஏறக்குறைய பழையபடியே இருக்கும். கசங்கியபோது தாளின் ஒவ்வொரு சிறு பகுதியும் திரும்பிப் புரண்டதே தவிர, பெரிதாக நீளவும் இல்லை, சுருங்கவும் இல்லை. கார் எதன்மீதாவது மோதும்போது அதன் முன்பக்கத் தகடுகளும் பெரும்பாலும் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. மடிப்பு விழும் இடத்தில் உலோகம் நன்றாகவே இழுபடும். மற்ற இடங்களில் தகடு வெறுமனே இடம் மாறித் திரும்பி நிற்கும்.

இது கண்ணால் பார்த்தாலே தெரிகிற விஷயம். மோதலைக் கணக்கிட்டுப் பார்க்கும் கணினிக்குத்தான் தெரியாது. அது தகட்டைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும். நிலையான அச்சுகளை வைத்துக்கொண்டு ஒரு துண்டுத் தகடு எவ்வளவு உருமாறியது என்று அளந்தால், அது சும்மா திரும்பியதைக்கூட நீட்சி என்று எண்ணிவிடும். இல்லாத நீட்சிக்கு இல்லாத விசை பிறக்கும். இதைத் தவிர்க்கக் கனமான கணிதம் தேவைப்பட்டது. 1973-இல் அமெரிக்கப் பொறியியல் ஆய்வாளர் டெட் பெலிட்ச்கோ, சக ஆய்வாளர் ஒருவருடன் எழுதிய கட்டுரையில் எளிய வழி ஒன்றைக் காட்டினார். ஒவ்வொரு துண்டின்மேலும் அதற்கே உரிய அச்சுகளை ஒட்டிவிடுவது. துண்டு திரும்பினால் அச்சும் கூடவே திரும்பும். அந்த அச்சிலிருந்து பார்க்கும்போது திருப்பம் மறைந்துவிடும், மிஞ்சுவது உண்மையான உருமாற்றம் மட்டும். அது சிறியது என்பதால் அதற்குச் சாதாரணச் சூத்திரங்களே போதும்.

அவருடைய வாழ்நாள் வேலை முழுவதிலும் இதே குணத்தைத்தான் பார்க்கிறேன். எதைக் கணக்கிடாமல் விடலாம் என்று முதலில் பார்ப்பார். விட்டதனால் எங்கே பிழை வரும் என்று துல்லியமாகத் தேடுவார். அந்த ஓர் இடத்தில் மட்டும் ஒட்டுப்போடுவார்.

பெலிட்ச்கோ 1943-இல் உக்ரைனின் புரோஸ்குரிவ் நகரில் பிறந்தவர். அந்த ஊருக்கு இன்றைய பெயர் க்மெல்னிட்ஸ்கி. சிறுவனாக அமெரிக்காவுக்கு வந்தார், சிகாகோவில் உள்ள இல்லினாய் தொழில்நுட்பக் கழகத்தில் படித்து 1968-இல் முனைவர் பட்டம் பெற்றார். சில ஆண்டுகள் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சிகாகோ வளாகத்தில் வேலை பார்த்துவிட்டு, 1977-இல் அதே வட்டாரத்தின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2014-இல் இறக்கும்வரை அவர் பெயர் அந்தப் பல்கலைக்கழகத்தோடுதான் சேர்த்துச் சொல்லப்பட்டது. இடையில் 2001-இல் டிமோஷென்கோ பதக்கம் கிடைத்தது. இயந்திரவியல் துறையில் அதற்கு மேல் பெரிய பரிசு அதிகம் இல்லை.

சரி, அவர் கைவைத்த முறைக்கு வருவோம். ஒரு பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, துண்டுகள் சந்திக்கும் கணுக்கள் எப்படி நகர்கின்றன என்று மட்டும் கணக்கிட்டு, நடுவில் இருப்பதை ஊகித்துக்கொள்வதுதான் ஃபைனைட் எலிமெண்ட் முறை. ரே கிளஃப் 1960-இல் வைத்த பெயர் இது. துண்டுகள் சேர்ந்தது வலை. பாலம், அணை போன்றவற்றில் சுமை ஏற்றினால் என்ன ஆகும் என்று பார்க்க எல்லாக் கணுக்களுக்கும் சேர்த்து ஒரே பெரிய சமன்பாட்டுத் தொகுப்பைத் தீர்ப்பார்கள். மோதலுக்கு அது சரிப்படாது. ஒவ்வொரு கணமும் தகடு மடிகிறது, ஒன்று இன்னொன்றைத் தொடுகிறது, விலகுகிறது. அந்தப் பெரிய தொகுப்பைத் திரும்பத் திரும்பத் தீர்த்துக்கொண்டிருக்க முடியாது.

அதனால் மோதல் கணக்கில் வேறு பாதை. ஒவ்வொரு கணுவிலும் இப்போது என்ன விசை இருக்கிறது என்று பார். நிறையால் வகு, முடுக்கம் வரும். அதைவைத்துக் கொஞ்ச நேரம் கழித்துக் கணு எங்கே இருக்கும் என்று நகர்த்து. அப்புறம் மறுபடி விசையைப் பார். பள்ளியில் படித்த நியூட்டன் விதிதான், எந்தச் சமன்பாட்டுத் தொகுப்பும் கிடையாது. ஆனால் அந்தக் ‘கொஞ்ச நேரம்’, அதாவது கணக்கின் ஒரு காலடி, மிகமிகக் கொஞ்சம். ஒலி அலை ஒரு துண்டைக் கடக்க எடுக்கும் நேரத்தைவிட நம் காலடி நீளமாக இருந்தால் கணக்கு கட்டுக்கடங்காமல் வெடித்துவிடும். எஃகில் ஒலி நொடிக்குச் சுமார் 5,000 மீட்டர் போகிறது. துண்டின் அளவு 5 மில்லிமீட்டர் என்றால் ஒரு காலடி, நொடியில் 10 லட்சத்தில் ஒரு பங்கு. மோதல் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு நீடிக்கிறது என்று வைத்துக்கொண்டால் 1 லட்சம் காலடிகள். ஒவ்வொரு காலடியிலும் ஒவ்வொரு துண்டையும் தொட்டாக வேண்டும். வலையின் துண்டுகளைப் பாதி அளவுக்குச் சிறிதாக்கினால் தகட்டில் துண்டுகள் 4 மடங்கு, காலடிகள் 2 மடங்கு, ஆக மொத்தம் 8 மடங்கு வேலை.

ஒரு துண்டுக்கு எவ்வளவு கணக்கு என்பதே இங்கே உயிர்நாடி. நான்கு மூலை கொண்ட ஒரு துண்டில் திரிபையும் (எவ்வளவு உருமாறியது) தகைவையும் (அதனால் உள்ளே எழும் விசை) நான்கு இடங்களில் அளந்து சராசரி எடுப்பதுதான் முறையான வழி. நடுவில் ஒரே ஓர் இடத்தில் அளந்தால் போதாதா? நேரம் ஏகமாக மிச்சமாகும். ஆனால் ஒரு பெரிய ஓட்டை விழும்.

சதுரம் ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். அதன் மேல்மூலைகள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்குகின்றன, கீழ்மூலைகள் இரண்டும் அதே அளவு விலகுகின்றன. மேல்விளிம்பு சுருங்கிவிட்டது, கீழ்விளிம்பு நீண்டுவிட்டது. நடுப்புள்ளியில்? சுருக்கமும் இல்லை, நீட்சியும் இல்லை, சறுக்கமும் இல்லை. அங்கே மட்டும் பார்ப்பவனுக்கு எதுவுமே நடக்கவில்லை. அதனால் இந்த உருமாற்றத்துக்குக் கணினி எந்த எதிர்ப்பும் காட்டாது. இதே சதுரத்தின்மேல் தலைகீழாக இன்னொன்றை அடுக்கிப் பாருங்கள், இடுப்பு ஒடுங்கிய மணற்கடிகார வடிவம் வரும். அதுவே இந்த நோய்க்குப் பெயராகிவிட்டது. கவனிக்காமல் விட்டால் வலை முழுவதும் பல்பல்லாக நெளிந்து, படத்தில் கார் கதவு பின்னல் வேலை மாதிரி தெரியும்.

நெளிவுக்கு எதிராகக் கொஞ்சம் செயற்கை விசை போடுவது பலருக்கும் தோன்றிய மருந்து. சிக்கல் என்னவென்றால், துண்டு சரியான செவ்வகமாக இல்லாதபோது நியாயமான நீட்சியையும் திருப்பத்தையும்கூட அந்த மருந்து நெளிவு என்று நினைத்துத் தடுத்துவிடும். 1981-இல் ஃப்ளானகனும் பெலிட்ச்கோவும் இதைச் சுத்தமாகத் தீர்த்தார்கள். கணுக்களின் நகர்விலிருந்து, நடுப்புள்ளி ஏற்கெனவே பார்த்துவிட்ட பகுதி முழுவதையும் முதலில் கழித்துவிடு. மிச்சம் எது இருக்கிறதோ அதுதான் நோய். அதற்கு மட்டும் மருந்து கொடு. கேட்டால் ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். நல்ல யோசனைகள் பலவும் சொன்ன பிறகு இப்படித்தான் தோன்றுகின்றன.

மேலே சொன்னவற்றையெல்லாம் சேர்த்துத் தகடுகளுக்கென்றே செய்த துண்டுதான், 1980-களின் தொடக்கத்தில் வந்த பெலிட்ச்கோ–ட்சே எலிமெண்ட். அச்சு தன்னோடு திரும்பும், தளத்தில் ஒரே அளவைப் புள்ளி, நெளிவுக்கு மருந்து. தடிமன் வழியாக மட்டும் சில புள்ளிகள் உண்டு, மடிப்பைப் பார்க்க அவை வேண்டுமே. அதற்கு முந்தைய ஹியூஸ்–லியு வகைத் துண்டோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் கணக்கு சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் ஜான் ஹால்க்விஸ்ட் எழுதிய டைனா நிரலில் இது இடம்பெற்றது. முதலில் ஆயுத ஆராய்ச்சிக்காகப் பிறந்த நிரல் அது. 1980-களின் நடுவில், ஒரு ஃபோக்ஸ்வாகன் போலோ கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவதை ஒரே இரவில் கணக்கிட்டு முடித்துவிட முடிந்தது. அது வேறொரு நிரல், ஆனால் அதே வகைக் கணக்கு. கார் நிறுவனங்கள் விழித்துக்கொண்டது அப்போதுதான்.

பெலிட்ச்கோ அங்கேயே நின்றிருந்தாலும் போதுமான புகழ். ஆனால் அடுத்து அவர் பிடித்துக்கொண்டது விரிசலை.

விரிசலுக்கும் வலைக்கும் ஆகாது. ஒரு துண்டுக்குள் நகர்வு சீராக மாறுகிறது என்பது இந்த முறையின் அடிப்படை ஊகம். விரிசலின் இரு கரைகளிலோ நகர்வு திடீரென்று தாவுகிறது. அதனால் விரிசல் துண்டுகளின் விளிம்பு வழியாகவே போகும்படி வலையை அமைப்பார்கள். விரிசல் கொஞ்சம் வளர்ந்தால் வலையைக் கலைத்துப் புதிதாகப் பின்ன வேண்டும். 1994-இல் பெலிட்ச்கோவின் குழு துண்டுகளையே தூக்கிப்போட்டுவிட்டு, வெறும் புள்ளிகளை வைத்துக் கணக்கிடும் முறை ஒன்றை முன்வைத்தது. அழகான யோசனைதான், ஆனால் செலவு அதிகம். சிக்கனத்தில் பேர் வாங்கியவர் இதில் எப்படித் திருப்தி அடைவார்?

1999-இல் விடை வந்தது. வலையைத் தொடவே வேண்டாம். விரிசல் எந்தத் துண்டின் வழியாக வேண்டுமானாலும் வெட்டிக்கொண்டு போகட்டும். வெட்டுப்பட்ட துண்டின் கணுக்களுக்கு மட்டும் கூடுதலாக ஓர் எண்ணைக் கொடுப்போம். விரிசலுக்கு ஒரு பக்கம் +1, மறுபக்கம் −1 என்று தாவும் ஒரு சார்பை அந்த எண் பெருக்கும். கரைகள் எவ்வளவு பிரிந்திருக்கின்றன என்பதை அதுவே சொல்லிவிடும். விரிசலின் நுனிக்கு அருகில் நகர்வு தூரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து மாறும் என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். அந்த அறிவையும் சார்பாக எழுதி, நுனியைச் சுற்றியுள்ள கணுக்களுக்குக் கொடுத்துவிடலாம். விரிசல் நகர்ந்தால் எந்தக் கணுக்களுக்குக் கூடுதல் எண் என்ற பட்டியல்தான் மாறும். இதற்கு அடித்தளமான கணிதத்தை மெலெங்கும் பபுஷ்காவும் 1996-இல் எழுதியிருந்தார்கள். அதை விரிசலுக்குக் கொண்டுவந்து நடைமுறைக் கருவியாக்கியது, மொயேஸ், டோல்போ உள்ளிட்ட பெலிட்ச்கோவின் குழு. நீட்டிக்கப்பட்ட ஃபைனைட் எலிமெண்ட் முறை என்று பெயர், சுருக்கமாக எக்ஸ்ஃபெம் என்கிறார்கள். பத்தே ஆண்டில் அது அபாகஸ் போன்ற வணிக மென்பொருளுக்குள் வந்துவிட்டது.

எல்லாம் இனிமை என்று சொல்ல மாட்டேன். விரிசல் ஒரு துண்டின் ஓரத்தை மயிரிழை அளவுக்கு மட்டும் வெட்டிப் போனால் சமன்பாடுகள் தடுமாறும். பல விரிசல்கள் கிளைவிட்டுச் சேர்ந்து பிரியும் இடங்களில் கணக்குவைப்பு தலைவலியாகிவிடும். அங்கெல்லாம் விரிசலைக் கூர்மையான கோடாக வைக்காமல் மங்கலான பட்டையாகப் பார்க்கும் வேறு முறைகளை இன்று பலர் விரும்புகிறார்கள்.

மோதல் கணக்கிலும் காலம் மாறிவிட்டது. கணினி நேரம் மலிந்துவிட்டதால், நான்கு புள்ளிகளிலும் அளக்கும் துண்டுகளைப் பயன்படுத்துவோர் பெருகிவிட்டார்கள். ஒரு புள்ளித் துண்டைப் பயன்படுத்துவோர், மணற்கடிகார மருந்துக்குச் செலவான ஆற்றல் மொத்த உள்ளாற்றலில் 10 சதவீதத்தைத் தாண்டவில்லையே என்று இன்றும் பார்த்துக்கொள்கிறார்கள். டைனாவின் வாரிசான எல்எஸ்-டைனாவில் தகட்டுத் துண்டு வகைகளுக்கு எண்கள் உண்டு. பயனர் எதையும் குறிப்பிடாமல் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் நிரல் தானாக எடுத்துக்கொள்வது எண் 2. அது பெலிட்ச்கோ–ட்சே.