பச்சை விளக்கு எரிந்தது, பேரிங் போய்விட்டது

திருப்பூர் அருகே ஒரு சாயப்பட்டறை. விறகு பாய்லரின் புகையை இழுத்து வெளியேற்றும் ஐ.டி. ஃபேன் நள்ளிரவு ஷிஃப்டில் நின்றுவிட்டது. இழுவை நின்றால் நீராவி இல்லை. சாயம் ஏறிக்கொண்டிருந்த துணி இயந்திரத்துக்குள்ளேயே பாழானது. விடியும் முன் என்னை அழைத்த மேலாளர் முதலில் கேட்டது: “சென்சார் பச்சைதானே காட்டியது?”

போய்ப் பார்த்தேன். இயந்திரத்தின் அதிர்வை அளந்து பழுதை முன்கூட்டியே சொல்லும் சென்சார் அது. பொய் சொல்லவில்லை. மோட்டாரின் மேல், காற்றில் சூடு ஆறுவதற்காக இருக்கும் வரித் தகடுகளில் காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருந்தது. பழுதானதோ பெல்ட்டுக்கு அப்பால், இறக்கைச் சக்கரத்தை ஒட்டிய பிளம்மர் பிளாக்கில், அதாவது பேரிங்கைத் தாங்கும் உலோகக் கூட்டில், இருந்த பேரிங். அதன் மெல்லிய முனகல் ரப்பர் பெல்ட்டைத் தாண்டி மோட்டாருக்கு வந்து சேராது. பொருத்திய இளைஞரிடம் கேட்டேன். “அங்கேதான் கை எட்டியது சார், சிக்னலும் நன்றாகக் கிடைத்தது” என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்த ஃபேன் எப்படிப் பழுதாகும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இடம் தேடும் முன் கேட்க வேண்டியது அதைத்தான். விறகு பாய்லரின் ஐ.டி. ஃபேனில் சாம்பல் இறக்கைகளில் படிந்து, ஒரு பக்கம் கனத்து, சக்கரம் சமநிலை இழக்கும். அந்த அடியை முதலில் வாங்குவது சக்கரத்தை ஒட்டிய பேரிங். இதை எந்த விலைப்பட்டியலும் சொல்லாது. அங்கேயே பல ஆண்டுகள் வேலை பார்க்கும் ஃபிட்டர் சொல்வார். எந்த ஆலைக்குப் போனாலும் அவரிடம்தான் முதலில் கேட்கிறேன்: “அண்ணா, இதில் எந்தப் பேரிங்கை அடிக்கடி மாற்றுகிறீர்கள்?” பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

மீதிப் பாதி, அந்தப் பேரிங்கிலிருந்து சென்சார் வரை இடைவெளியில்லாத கெட்டி உலோகம் இருக்கிறதா என்பது. வரித் தகடு, மோட்டாரின் பின்மூடி, பெல்ட் கவசம் எல்லாம் தாமாகவே அதிரும். அங்கே வைத்தால் ஒன்று வீண் எச்சரிக்கை வரும், அல்லது உண்மையான பழுது மறைந்துபோகும். பிளம்மர் பிளாக்கிலும் மேல்மூடியைவிட, சுமை இறங்கும் அடிப்பாகமே நல்லது. ஐ.எஸ்.ஓ. 10816-3 தரநிலையில் (2022-இல் அதன் இடத்துக்கு 20816-3 வந்துவிட்டது) 15 முதல் 300 கிலோவாட் வரையிலான இயந்திரங்களுக்கு, விறைப்பான அடித்தளத்தில், அதிர்வின் வேகம் வினாடிக்கு 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போனால் ஆபத்து என்று இருந்தது. அந்த எண் பேரிங் கூட்டின்மேல் அளந்தால்தான் பொருந்தும். தகட்டில் அளந்துவிட்டு அதனுடன் ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

ஒட்டும் விதமும் முக்கியம். பெயிண்டைச் சுரண்டி, சமதளமாக்கி, திருகுப் பிடிப்பில் வைத்தால் பேரிங் பழுதின் தொடக்கத்தில் வரும் உயர் அதிர்வெண்வரை பிடிபடும். பெயிண்டின் மேல் காந்தம் வைத்தால் அந்தத் தொடக்க அறிகுறிதான் முதலில் தொலையும். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. பிளான்ட்டின் உயர் அழுத்த பம்ப்புகள் பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு. அதில் பல வகைகளில் காந்தம் ஒட்டாது. இரட்டைப் பக்க டேப்பில் தொங்கிய சென்சார்களைப் பார்த்திருக்கிறேன். டேப் மெத்தைபோல் அதிர்வை விழுங்கிவிடும். உலோகத் தகட்டை எப்பாக்சி பசை வைத்து ஒட்டி, அதில் திருகுங்கள்.

எல்லா மோட்டாருக்கும் சென்சார் வாங்க முடியாது. 2011 ஜனவரியில் கழிவுநீர்ப் பிரச்சினையால் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதை நாம் யாரும் மறக்கவில்லை. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் இன்று தறியும் தையலும் ஓடுகின்றன. மாற்று பம்ப் இல்லாத ஆர்.ஓ. வரிசை நின்றால் பட்டறையே நிற்கும். சென்சாருக்கான பணம் முதலில் அங்கே போகட்டும். மாற்று தயாராக இருக்கும் பம்ப் காத்திருக்கலாம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். சென்சார் வைக்கவோ எடுக்கவோ ஓடும் இயந்திரத்தின் பெல்ட் கவசத்தைக் கழற்றாதீர்கள். இயந்திரத்தை நிறுத்தி, மெயினைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட பிறகே கை வையுங்கள். கவசத்துக்குள் இருக்கும் பேரிங்குக்கு ஒயர் உள்ள சென்சாரைப் பொருத்தி, ஒயரின் மறுமுனையில் உள்ள பெட்டியை வெளியே கைக்கு எட்டும் உயரத்தில் வைக்கலாம். செலவு கூடும். விரல்களுக்கு அது பெரிய விலை இல்லை.

அந்தச் சாயப்பட்டறையில் சென்சார் இப்போது சக்கரத்தை ஒட்டிய பிளாக்கின் அடிப்பாகத்தில் இருக்கிறது. ஃபிட்டர் அண்ணன் அதைச் சுற்றி மஞ்சள் பெயிண்டால் வட்டம் போட்டிருக்கிறார், கழுவித் துடைக்கும்போது யாரும் இடம் மாற்றிவிடக் கூடாது என்று.