கருவுற்றவர்களுக்குக் கொழுப்பு பகையல்ல

சென்ற வாரமும் ஒருவர், ஆறாம் மாதத்தில், உணவுக் குறிப்பேட்டோடு வந்து அமர்ந்தார். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே 'எண்ணெய்: இல்லை' என்று சிவப்பு மையில் எழுதி, அடிக்கோடும் இட்டிருந்தார். தந்தைக்கு மாரடைப்பு வந்த குடும்பமாம். கொலஸ்ட்ரால் 260 என்று வந்ததும், கொழுப்பை அறவே விட்டுவிட்டால் குழந்தையின் மரபணு 'சுத்தமாகிவிடும்' என்று தாமாகவே முடிவுசெய்திருக்கிறார். இப்படி வருபவர்களை எண்ணுவதையே நான் விட்டுவிட்டேன்.

கருவுற்ற காலத்தில் கொலஸ்ட்ராலும், இரத்தத்திலுள்ள இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடும் ஏறத்தான் செய்யும். (தக்க காரணமின்றி அந்தப் பரிசோதனையை எழுதித்தரும் சக மருத்துவர்கள் சற்று யோசிக்கலாம்.)

மரபணுவைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் தீராத குழப்பம் இருக்கிறது. தாய் எதை உண்டாலும் குழந்தையின் மரபணுவில் உள்ள எழுத்துகள் மாறுவதில்லை. பெற்றோரிடமிருந்து வந்தது வந்ததுதான். அந்த எழுத்துகளின் மீது ஒட்டிக்கொண்டு, எந்த மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் மீத்தைல் குறிகள் என்னும் சிறு வேதி அடையாளங்களே மாறக்கூடியவை. புரதம் குறைந்த உணவு கொடுக்கப்பட்ட சினை எலிகளின் குட்டிகளில், கல்லீரலில் கொழுப்பமிலங்களை எரிக்கத் தூண்டும் 'பிபார் ஆல்ஃபா' மரபணுவின் மீது இக்குறிகள் குறைந்திருந்ததை 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே உணவோடு ஃபோலிக் அமிலம் சேர்த்தபோது அந்த மாற்றம் நிகழவில்லை. நெதர்லாந்தில் 1944–45 பஞ்சத்தின்போது கருவில் உருவாகத் தொடங்கியவர்களிடம், ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும், வளர்ச்சி தொடர்பான ஐஜிஎஃப்2 மரபணுவில் மீத்தைல் குறிகள் அவர்களுடைய உடன்பிறந்தவர்களைவிடக் குறைவாக இருந்தன. இரண்டிலும் தாய்க்கு நேர்ந்தது பற்றாக்குறை என்பதைக் கவனியுங்கள். எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாதுதான். ஆனாலும் பட்டினி கிடந்து மரபணுவைத் திருத்தலாம் என்பதற்கு இவற்றில் எந்த ஆதாரமும் இல்லை.

ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிப்பதற்கு முன்பே தொடங்கி, முதல் 12 வாரங்கள் வரை நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் எடுங்கள். சிலருக்கு இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும், அதை மருத்துவர் சொல்லட்டும். குழந்தையின் மூளையில் டிஎச்ஏ என்னும் கொழுப்பமிலம் விரைவாகச் சேர்வது கடைசி மூன்று மாதங்களில். தாவர எண்ணெயிலிருந்து நம் உடல் அதைத் தயாரிப்பது சொற்பமே. ஆகவே பாதரசம் குறைந்த மீனையோ, மீன் உண்ணாதவர்கள் பாசியிலிருந்து எடுத்த டிஎச்ஏவையோ பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மீன் ஈரல் எண்ணெயை மட்டும் தொடாதீர்கள். அதிலுள்ள மிகுதியான வைட்டமின் ஏ கருவுக்குத் தீங்கு செய்யும். அடுத்த முறை வரும்போது குறிப்பேட்டைத் தாராளமாகக் கொண்டுவாருங்கள், ஆனால் அந்தச் சிவப்புப் பேனாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள், அம்மா.